பலகணி

போன வாரம் வரை இந்தச் சுவர் திமிங்கலம்.
அதன் கண், என் சன்னல்.

லியெபாயா துறைமுகத்தின் பழைய கயிறு ஆலை.
கயிறு திரித்தவர்கள் போனபின் பதினோரு வருடம்
புறாக்கள் வாடகை தராமல் குடியிருந்தன.
இப்போது நாங்கள் தருகிறோம்.
கீழே ஜித்ரா, நாடகங்களுக்குத் தலை செய்பவள்
வெட்டிய தலைக்கு விலை கூடுதல், கழுத்து வேலை அதிகமாம்.
இரண்டாம் மாடியில் எழுத்துரு வரையும் அண்ணனும் தம்பியும்
பேசிக்கொள்வதில்லை.
மூன்றாவதில் நான்
யாரோ எடுத்த படங்களுக்கு
மழையும் காலடியும் கதவின் கிறீச்சும் சேர்த்துப் பிழைப்பவள்.

நான் வந்த வருடம் வெளியே ஒரு மாலுமியின் முகம் இருந்ததாம்.
என் சன்னல் அவன் கடைவாய்ப் பல்.
அடுத்து ஒரு சட்டை. நான் மூன்றாவது பொத்தான்.
பிறகு ஒரு கோடை முழுக்க
நரியின் வயிற்றுக்குள் உட்கார்ந்து வேலை செய்திருக்கிறேன்
ஒருவரும் சொல்லவில்லை.

உள்ளே இருப்பவளுக்கு ஓவியம் தெரியாது
டிராமில் போகிறவர்களுக்குத்தான் தெரியும்.
அவர்கள் முகத்தை வைத்து
நான் என்னவாகியிருக்கிறேன் என்று கணக்குப் போடுவேன்.
குழந்தை கை காட்டினால் விலங்கு.
பெரியவர்கள் சட்டென்று செய்தித்தாளுக்குள் குனிந்தால்
அம்மணமாக ஏதோ.

திமிங்கலம் இல்வார்ஸ் வரைந்தது.
தொங்கு பலகையில் ஆடியபடி கண்ணாடியைத் தட்டினான்:
ஒரு வாரம் திறக்காதீர்கள்
படம் பிடிக்க வருகிறார்கள்.
ஜூலை. மேலே தகரக் கூரை.
நான்காம் நாள் திறந்துவிட்டேன்.
எதிர்ச்சாரியிலிருந்து காமிராக்காரர் கத்திய கத்தல்
இன்னும் என்னிடம் பதிவாக இருக்கிறது.
பரிசு வாங்கியது அந்தப் படம்தான்:
கண் விழித்த திமிங்கலம்
கண்மணியில் ஒரு பெண், கையில் கடித்த தக்காளி.
பெயர் போடவில்லை.

அதன் பிறகு கட்டட முதலாளியின் கடிதம் வந்தது.
இனி இந்தச் சுவருக்கு ஒரே ஓவியம். நிரந்தரம்.
மேலே மெருகெண்ணெய், இருபத்தைந்து வருட உத்தரவாதம்.
கடைசி வரியில், சின்ன எழுத்தில், வாடகை.
கூடினோம்.
அண்ணனும் தம்பியும் ஒரே மூச்சில் "கூடாது" என்றார்கள்
உடனே வெட்கப்பட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.
இல்வார்ஸ் மட்டும் கையிலிருந்த பெயிண்டைச் சுரண்டியபடி
"என் திமிங்கலம் நிற்கட்டுமே" என்றான்.
அவன் வரைந்த பதினான்கு சுவர்களில்
பதின்மூன்று போய்விட்டன.
யாருக்கும் பதில் வரவில்லை.

இலையுதிர் காலத்தில் மெருகு பூசினார்கள்.
பிப்ரவரி பனி அதன் கீழே நகம் நுழைத்தது.
இரவெல்லாம் சுவர் தோல் உரித்தது
மெருகோடு திமிங்கலம், திமிங்கலத்தோடு நரி
நரியோடு சட்டை.
காலையில் ஆலையின் செங்கல் அப்பட்டமாக நின்றது
கூச்சமில்லாமல்.

சன்னல் விளிம்பில் விழுந்த ஒரு சில்லை எடுத்து
பக்கவாட்டில் பார்த்தேன்:
நீலம், செம்மஞ்சள், வெள்ளை, மாலுமியின் தோல்நிறம்
அதற்கும் அடியில் ஒரு பச்சை.
எனக்கு முன்னால் இந்த அறையில்
யாரோ பச்சைக்குள் இருந்திருக்கிறார்கள்.

மைக்குக்கு அருகே வைத்து ஒடித்தேன்.
நல்ல ஒலி.
ஏரி உறைந்ததென்று நம்பி நடக்கும் பையனின் காலடியில்
முதல் கீறல் விழும் காட்சிக்கு
வெகு நாளாகத் தேடிக்கொண்டிருந்தது.
இரண்டு முறை ஒடித்தேன்
மூன்றாம் முறைக்குச் சில்லு இல்லை.

இல்வார்ஸ் கீழே நிற்கிறான்
கைகளைப் பையில் விட்டு, செங்கல் வரிசைகளை எண்ணுவதுபோல.
எண்ணுகிறானா, அளக்கிறானா, தெரியவில்லை.
சன்னலைத் திறக்கிறேன்.

டிராம் வருகிறது.
வெறுஞ்சுவரை யார் பார்ப்பார்கள்.
ஒரு குழந்தை மட்டும்
கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கை காட்டுகிறது.

நான் திரும்பி
என் முதுகுக்குப் பின்னால் பார்க்கிறேன்.